சிகாகோவில் 739 பேர், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ஆச்சி

ஸ்ரீவைகுண்டம் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்குற ஒரு எம்பிபிஎஸ் டாக்டருக்கும் அமெரிக்காவுல இருக்கிற சிகாகோவுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கலாம். இருக்கு. கத்திரி தொடங்க இன்னும் சில வாரம்தான். அதுக்குள்ள இதைச் சொல்லிடணும்னு நினைச்சேன். நீளமான த்ரெட். பொறுமையாப் படிங்க.

முதல்ல சிகாகோ கதை.

1995 ஜூலை. 13-ம் தேதி அங்க வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டுச்சு. "இவ்வளவுதானா, எங்க ஊர்ல பாக்காத வெயிலா"ன்னு நினைப்பீங்க. காத்துல ஈரப்பதமும் சேர்ந்ததால உடம்புக்கு அது 50 டிகிரிக்கு மேல இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. ராத்திரியும் சூடு இறங்கல. ஆயிரக்கணக்கான வீடுகள்ல கரண்ட் போச்சு. இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் "இனிமே இங்க கொண்டு வராதீங்க"ன்னு ஆம்புலன்ஸ்களைத் திருப்பி விட்டுச்சு. பிணவறையில இடம் பத்தாம குளிர்சாதன லாரிகளைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. இது நடந்தது உலகத்திலேயே பணக்கார நாட்டோட மூணாவது பெரிய நகரத்துல.

ஒரே வாரத்துல, வழக்கமா அந்த ஊர்ல சாகிறவங்களைவிட 739 பேர் கூடுதலா செத்துப் போனாங்க.

இந்த "வழக்கத்தைவிடக் கூடுதலா"ங்கிறதைக் கொஞ்சம் கவனிங்க. வெயில்ல சாகிறவங்க கணக்கு எந்த ஊர்லயும் ஒழுங்கா வராது. வெள்ளத்துல போனா உடம்பு மிதக்கும், படம் எடுப்பாங்க. வெயில் அப்படியில்ல. 78 வயசு ஆளு, சுகர், பிரஷர் உண்டு, மத்தியானம் படுத்தவர் எந்திரிக்கல. "வயசாயிட்டு, மாரடைப்பு"ன்னு எழுதி முடிச்சிடுவோம். சிகாகோவிலேயும் இந்தச் சண்டை வந்துச்சு. பிரேதப் பரிசோதனைத் தலைமை மருத்துவர் எட்மண்ட் டோனஹூ "இது வெயிலால வந்த சாவு"ன்னு எண்ணி எண்ணிச் சொன்னார். மேயர் ரிச்சர்ட் டேலி அந்த எண்ணிக்கையையே சந்தேகப்பட்டார். கடைசியில டோனஹூ சொன்னதுதான் நின்னுச்சு. இன்னும் சொல்லப்போனா அவர் கணக்கே குறைவுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

இது நமக்கும் பொருந்தும். 2010 மே மாசம் அகமதாபாத்துல 46.8 டிகிரி அடிச்சப்ப, அந்த ஒரு மாசத்துல மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலா இறந்திருக்காங்க. அது பின்னாடி ஆராய்ச்சியாளர்கள் இறப்புப் பதிவேடுகளை உக்காந்து ஒப்பிட்டுப் பாத்ததுல தெரிய வந்த கணக்கு. அதுக்கப்புறம்தான் 2013-ல அந்த நகராட்சி வெயிலுக்குன்னே ஒரு செயல்திட்டம் போட்டுச்சு. தமிழ்நாட்டுல 2024 அக்டோபர்லதான் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சாங்க. வெப்பத்தால இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. ஆனா வெயிலால இறந்தார்னு முதல்ல யாராவது எழுதணுமே.

சரி, சிகாகோவுல யார் செத்தாங்க?

சிடிசி ஆட்கள் வீடு வீடாப் போய் ஆராய்ஞ்சு 1996-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல எழுதினாங்க. படுக்கையில கிடந்தவங்க, தனியா வாழ்ந்தவங்க, தினமும் வீட்டை விட்டு வெளிய வராதவங்க, மாடிக் கட்டடத்துல மேல் தளத்துல இருந்தவங்க. இவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். யார் தப்பிச்சாங்க? வேலை செய்யுற ஏசி வீட்டுல இருந்தவங்க. அது எதிர்பார்த்ததுதான். அதோட சேர்ந்து, சிநேகிதங்க இருந்தவங்க, சர்ச்சு, கிளப்னு நாலு பேரோட பழகினவங்களும் தப்பிச்சாங்க.

ஒரு டாக்டரா எனக்கு இது இடிக்குது. சோடியம், கிரியாட்டினின்னு பாக்கப் படிச்ச ஆளு நான். "உங்களுக்கு சிநேகிதங்க இருக்காங்களா"ன்னு கேஸ் ஷீட்டுல ஒரு காலம் கிடையாது.

எரிக் கிளைனன்பெர்க்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர், சிகாகோவிலேயே வளர்ந்தவர், இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு 2002-ல ஒரு புத்தகம் போட்டார். அதுல ரெண்டு வட்டாரங்களை ஒப்பிடுறார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல். ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு. ஒரே வெயில். ரெண்டுலயும் ஏழைகள். தனியா வாழுற கிழவன் கிழவியும் ரெண்டுலயும் ஏறத்தாழ அதே அளவு. ஆனா வடக்குல லட்சத்துக்கு 40 பேர் செத்தாங்க. தெற்குல 4 பேர்.

என்ன வித்தியாசம்? வடக்குல கறுப்பின மக்கள். வேலை கொடுத்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொண்ணா மூடிப் போய், முடிஞ்சவங்க எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருந்தாங்க. கடை இல்ல, தெருவுல ஆள் இல்ல, பாதி மனை காலி. வயசானவங்க திருட்டுக்குப் பயந்து ஜன்னலைக்கூடத் திறக்காம உள்ளேயே கிடந்தாங்க. தெற்குல பெரும்பாலும் மெக்சிகோக்காரங்க. கடைத்தெரு நிறைய கூட்டம், சர்ச்சு, பேக்கரி. ஒரு கிழவி வெளிய வர பயமில்லை. கடையில போய் குளிர்ச்சியா நின்னு நாலு வார்த்தை பேசிட்டு வரலாம். அவ ரெண்டு நாள் வரலைன்னா யாராவது கேப்பாங்க.

"அது அவங்க கலாச்சாரம், குடும்பப் பாசம்"னு ஒரே வரியில முடிக்கப் பாக்காதீங்க. ஆபர்ன் கிரஷாம்னு இன்னொரு வட்டாரம். அங்கயும் கறுப்பின மக்கள்தான். சாவு லட்சத்துக்கு 3. அங்க கடைகள் இருந்துச்சு, தெருவுக்குத் தெரு குடியிருப்பு சங்கம் இருந்துச்சு, ஜனம் காலி பண்ணிட்டுப் போகல. கிளைனன்பெர்க் சொன்னதை மறுத்து எழுதின அறிஞர்களும் உண்டு, அந்த விவாதத்துக்குள்ள நான் போகல. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஊர்களை வச்சுப் பாத்தா அவர் சொல்றது எனக்குப் புரியுது.

எனக்குத் தெரிஞ்ச ஊருக்கே வந்துடுறேன்.

சிகாகோ பக்கம் நம்ம ஆட்கள் இன்னிக்கு நேத்துப் போனவங்க இல்ல. 1969-லேயே அங்க தமிழ்ச் சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. 2019-ல உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்ததும் அங்கதான். இன்னிக்கு நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் போனா திருநெல்வேலிப் பேச்சு கேக்கும்னு போயிட்டு வந்தவங்க சொல்லுவாங்க. நம்ம தாமிரபரணிக் கரையில ஒவ்வொரு ஊர்லயும் அப்படி நாலு வீடு இருக்கும். பையன் அங்க. அம்மாவோ அப்பாவோ இங்க.

அந்த மாதிரி ஒரு வீட்டுக் கதை சொல்றேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

போன வருஷம் கத்திரி நேரம். மத்தியானம் ஒண்ணரை மணி. ஓபி முடிஞ்சு கை கழுவிட்டிருக்கேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் வச்சிருக்கிற அண்ணாச்சி போன் பண்றார். "டாக்டரே, ஒரு அவசரம். அமெரிக்காவுல இருந்து என் தங்கச்சி கூப்பிட்டா. இன்ன தெருவுல ஒரு ஆச்சி வீட்டுல விழுந்து கிடக்காங்களாம். கதவு பூட்டிருக்காம். நான் போயிட்டிருக்கேன், நீங்க வர முடியுமா?"

நடந்தது இதுதான். ஆச்சியோட மகன் சிகாகோ பக்கம். அங்க அப்ப விடியக்காலம் மூணு மணி. தூக்கம் வராம போனை எடுத்து, வீட்டுல மாட்டியிருக்கிற கேமராவைப் பாத்திருக்கார். அம்மா ஹால்ல தரையில படுத்திருக்காங்க. வெயிலுக்குத் தரையில படுக்கிறது பழக்கம்தான், அதனால முதல்ல பெருசா எடுத்துக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா அதே இடம், அதே மாதிரி. போன் போட்டிருக்கார். பக்கத்துல கிடக்கிற செல்போன் வெளிச்சம் அடிக்கிறது கேமராவுல தெரியுது. அம்மா எடுக்கல.

அங்கேருந்து 108-ஐ நேரா கூப்பிட முடியாது. பக்கத்து வீட்டு நம்பர் அவர்கிட்ட இல்ல. ஒண்ணுவிட்ட சித்தப்பா நம்பர் சுவிட்ச் ஆஃப். அங்க உள்ள தமிழ் வாட்ஸ்அப் குரூப்புல "ஸ்ரீவைகுண்டத்துல யாருக்காவது யாரையாவது தெரியுமா"ன்னு போட்டிருக்கார். அந்த நேரத்துல முழிச்சிருந்தது நைட் டூட்டி பாக்குற ஒரு நர்ஸ் மட்டும்தான். ஆழ்வார்திருநகரிப் பொண்ணு. அவங்க அண்ணன்தான் நம்ம மெடிக்கல் அண்ணாச்சி.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பையன் சுவர் ஏறிக் குதிச்சு பின்வாசல் வழியா உள்ள போயிருந்தான். அந்தப் பக்கத்து வீட்டுல அன்னிக்குக் காலையிலேருந்து அஞ்சு பேர் இருந்திருக்காங்க. நடுவுல ஒரு காம்பவுண்டு சுவர். அவ்வளவுதான். இருபதடிக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய சேதி பதினாலாயிரம் கிலோமீட்டர் போயி, அங்கேருந்து பதினாலாயிரம் கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கு.

அந்த வீட்டு அக்கா அழுதுட்டே சொன்னாங்க: "எப்பவும் கேட்டு பூட்டித்தான் கெடக்கும் சார். நாங்களும் கண்டுக்கிடல."

ஆச்சிக்கு உடம்பு கொதிக்குது. தெர்மாமீட்டர்ல 105. தோல் காய்ஞ்சு கிடக்கு. கண்ணு திறக்காங்க, ஆனா பேச்சு குழறுது. எப்பவோ இறந்து போன தாத்தாவோட பேசிட்டிருந்தாங்க. சூடும் குழப்பமும் சேர்ந்து வந்தா, வேற காரணம்னு நிரூபிக்கிற வரைக்கும் அது ஹீட் ஸ்ட்ரோக்தான். வேட்டி, பெட்ஷீட்டு எல்லாத்தையும் குழாய்த் தண்ணியில நனைச்சு மேல போட்டு, டேபிள் ஃபேனை முழு வேகத்துல வச்சோம். ஜூஸ் கடையிலேருந்து ஐஸ் வந்துச்சு. துணியில சுத்தி கக்கத்துல, தொடை இடுக்குல, கழுத்துல வச்சோம். 108 வந்து, ஆஸ்பத்திரியில டிரிப் ஏத்தி, அங்கேருந்து ஹைகிரவுண்டுக்கு அனுப்பினோம். ஒன்பது நாள் கழிச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க.

என்ன ஆச்சுன்னு பின்னாடி விசாரிச்சேன். பிரஷருக்கு நீர் மாத்திரை போட்டுட்டிருந்தாங்க. ரெண்டு நாளா வயித்துப்போக்கு. அப்பவும் மாத்திரையை நிறுத்தல, நிறுத்தலாமான்னு கேக்க ஆளில்ல. சாப்பாடு சரியா இல்ல, தண்ணி குடிக்கல. அன்னிக்குக் காலையிலேருந்து கரண்ட் வேற விட்டு விட்டுத்தான் இருந்திருக்கு.

வீடு? மகன் அனுப்பின காசுல கட்டின அருமையான வீடு. காங்கிரீட் மாடி, கிரில் கேட்டு, கேமரா. அவங்க பழைய ஓட்டு வீட்டுல திண்ணை இருந்துச்சாம், முன்னாடி வேப்பமரம் இருந்துச்சாம். இப்ப திண்ணையும் இல்ல, மரமும் இல்ல. பகல் பூரா குடிச்ச சூட்டைக் காங்கிரீட் ராத்திரி பூரா கக்கும். ஏசி இருக்கு. மாடியில, மகன் ரூம்ல.

"ஆச்சி, அதைப் போட்டுப் படுத்திருக்கலாம்லா?"

"அது அவன் வந்தா போடுதது எய்யா. ஒத்தக் கட்டைக்கு எதுக்கு ஏசி."

இந்தப் பதிலை நான் இதுவரை எத்தனையோ வீட்டுல கேட்டிருக்கேன். வார்த்தை மட்டும் மாறும்.

வயசானவங்களுக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். நம்ம உடம்புக்கு வேர்வைதான் ஏசி. வயசாக ஆக வேர்வை குறையும். தாகம் எடுக்கிறதும் குறையும். உடம்புல தண்ணி வத்திப் போனாலும் "தண்ணி குடி"ன்னு மூளை சொல்லாது. நீர் மாத்திரை இருக்கிற தண்ணியையும் வெளிய தள்ளும். மனநலத்துக்குப் போடுற சில மாத்திரைகள் வேர்வையையே நிறுத்தும். சில பிரஷர் மாத்திரைகள் இதயம் வேகமா அடிக்க விடாது, அதனால சூட்டைத் தோலுக்குக் கொண்டு வந்து வெளியேத்த முடியாது. அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா வெயில் காலத்துல வாந்தி, பேதின்னா அன்னிக்கே யாராவது ஒரு டாக்டர்கிட்ட "இந்த மாத்திரையைத் தொடரலாமா"ன்னு கேட்டுடணும்.

ஃபேன் போதும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. ரூமுக்குள்ளயே 40 டிகிரின்னா ஃபேன் சூட்டுக் காத்தைத்தான் உடம்பு மேல அடிக்கும். உடம்பை நனைச்சுட்டு ஃபேன் போட்டா வேலை செய்யும். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. நினைவு தப்பினவங்க வாயில தண்ணி ஊத்தவே கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். நனைங்க, காத்து வரட்டும், 108-ஐக் கூப்பிடுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நனைச்சுட்டே இருங்க.

இங்க நிறுத்தினா "பாத்தீங்களா, வெளிநாட்டுக்குப் போன பிள்ளைங்க பெத்தவங்களைப் பாக்கல"ன்னு ஒரு கூட்டம் வந்துடும். நான் அதைச் சொல்ல வரல. அந்த மகன் விடியக்காலம் மூணு மணிக்கு அம்மாவைப் பாத்துட்டிருந்த ஆளு. பக்கத்துத் தெருவுல குடியிருந்துக்கிட்டு வாரக்கணக்கா எட்டிப் பாக்காத பிள்ளைங்களையும் எனக்குத் தெரியும். அவர் பாத்தார். கதவைத் தட்டத்தான் அவர்கிட்ட ஆளில்ல.

"எங்க ஊர் அப்படியில்ல, எங்க ஊர்ல மனுஷங்க இருக்காங்க"ன்னு நீங்க சொல்லலாம். அதுவும் பொய் இல்ல. 2023 டிசம்பரை நான் மறக்க மாட்டேன்.

17-ம் தேதி பிடிச்ச மழை. ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர், நம்ம ஸ்ரீவைகுண்டத்துல 62. ஒரு வருஷத்துல பெய்ய வேண்டியது. திருச்செந்தூர்லேருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னுச்சு. தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியே இல்லாம வெள்ளம் அரிச்சுட்டுப் போயிருந்துச்சு. சுமார் 800 பயணிகள். சுத்தி தண்ணி. டிவி பூரா அந்தச் செய்திதான். மீட்புக் குழுவும் ஹெலிகாப்டரும் வந்து சேர்றதுக்கு முன்னாடி, பக்கத்துப் புதுக்குடி ஜனங்க அவங்க வீட்டு அரிசி, பருப்பைக் கொண்டு வந்து பொங்கிப் போட்டாங்க. அவங்க வீட்டுக்குள்ளயும் வெள்ளம்தான். மறுநாளைக்கு என்ன செய்யப்போறோம்னு தெரியாம இருந்த ஜனம் அது.

அந்த ரெண்டு மூணு நாள் கரண்ட் இல்ல, டவர் இல்ல. வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் சமூக வலைதளத்துல கதறிட்டிருந்தாங்க. "இன்ன தெரு, இன்ன வீடு, அம்மா தனியா இருக்காங்க, யாராவது போய்ப் பாருங்களேன்." தண்ணி வடிஞ்ச பிறகு ஓபிக்கு வந்த வயசானவங்ககிட்ட நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், "எப்படித் தப்பிச்சீங்க?" அநேகமா எல்லாருக்கும் ஒரே பதில். எதிர்த்த வீட்டுப் பையன் தூக்கிட்டுப் போனான். மாடி வீட்டு மதினி கூப்பிட்டா. பால்காரர் வந்து கதவை இடிச்சார். ஒரு தாத்தாவை வாழைத்தார் லோடு ஏத்துற பசங்க நாற்காலியோட தூக்கியிருக்காங்க. "நாலு பேரும் என்ன ஏசிக்கிட்டே தூக்குனானுவ, செத்த பொணம் மாதிரி கனக்கேருன்னு"ன்னு சொல்லிச் சிரிச்சார்.

வெள்ளத்துல ஊர் இப்படி நின்னுச்சு. அப்ப வெயில்ல மட்டும் அந்த ஆச்சி ஏன் பாதி நாள் தரையில கிடந்தாங்க?

எனக்குத் தோணுறது இது. வெள்ளம் எல்லார் வீட்டுக்குள்ளயும் ஒரே நேரத்துல வருது. சத்தம் போட்டுட்டு வருது. அதனால பக்கத்து வீட்டு ஆச்சி ஞாபகம் வருது. வெயில் சத்தம் போடாது. மத்தியானம் எல்லாரும் கதவைச் சாத்திட்டுப் படுத்திருப்போம். ஒரு வீடு மூடியிருந்தா அதுல வித்தியாசமா எதுவுமில்ல.

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லிடணும். "ஊர் ஒண்ணா நின்னுச்சு"ன்னு சொல்றோமே, அது முழு உண்மை இல்ல. நம்ம பக்கத்துல யார் எந்தத் தெருவுக்குள்ள போவாங்க, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாங்க, யார் கையில தண்ணி வாங்கிக் குடிப்பாங்கன்னு ஒரு கணக்கு இருக்கு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிகாகோவுல நிறத்தை வச்சு வட்டாரம் பிரிஞ்சுது. இங்க தெரு எதை வச்சுப் பிரிஞ்சிருக்குன்னு நான் விளக்க வேண்டியதில்ல. ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிற தெருவுல ஒரு கிழவர் தனியா இருந்தா, அவருக்குக் கேமராவும் கிடையாது, சிகாகோவுல மகனும் கிடையாது. நான் சொன்ன ஆச்சிக்கு அது ரெண்டும் இருந்துச்சு.

கிழவர்னு சொன்னதும் இன்னொரு விஷயம். சிகாகோவுல கேட்பாரில்லாமப் போன உடல்கள்ல பெரும்பாலானவை ஆண்கள். வெயில்ல இறந்த 41 பேரை வாங்கிக்க யாருமே வராம, ஆகஸ்ட் மாசம் ஒரே இடத்துல வரிசையா அடக்கம் பண்ணினாங்க. தனியா இருக்கிற கிழவிங்க அங்க அதிகம்தான், ஆனா கிழவிகளுக்குப் பேச்சுத் துணை இருந்துச்சு. நம்ம ஊர்லயும் நான் இதையே பாக்குறேன். ஆச்சிமார் சுகர் மாத்திரை வாங்க வரும்போது மூணு பேராத்தான் வருவாங்க. மூணு பேர் வியாதியையும் ஒருத்தரே சொல்லுவாங்க. பெரியவங்க அப்படியில்ல, குறிப்பா பொண்டாட்டி இறந்த பெரியவங்க. ஒத்தையா வருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார், "எல்லாம் நல்லாருக்கு"ம்பார், போயிடுவார். கணக்கு வாத்தியாரா, தாசில்தார் ஆபீஸ் கிளார்க்கா ஊரையே ஆட்டி வச்ச ஆளா இருந்திருப்பார். ரெண்டு மாசம் மாத்திரை வாங்க வரலைன்னா விசாரிக்கக்கூட ஆளிருக்காது.

இதுல நம்மகிட்ட இருக்கிற ஒரு நல்ல விஷயத்தையும் சொல்றேன். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிற தன்னார்வலர் அக்காக்கள். மாத்திரை கொடுக்கிறதுதான் அவங்க வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நான் அவங்க வந்து சொல்ற தகவலைத்தான் அதிகமா மதிக்கிறேன். "சார், அந்தக் கடைசி வீட்டுத் தாத்தா ஒரு மாதிரி இருக்கார், போன தடவை கொடுத்த மாத்திரை அப்படியே இருக்கு." இந்த ஒரு வரி எந்த லேப் ரிப்போர்ட்டுலயும் வராது.

சிகாகோவும் பின்னாடி இதைத்தான் செஞ்சுது. 1999-ல மறுபடி வெப்ப அலை வந்தப்ப, தனியா இருக்கிற வயசானவங்களுக்குப் போன் போட்டாங்க, எடுக்கலைன்னா வீட்டுக்கே ஆள் அனுப்பினாங்க, குளிர்ச்சியான பொது இடங்களைத் திறந்து வச்சு பஸ் விட்டாங்க. அந்தத் தடவை சாவு ஏறத்தாழ 110. அதுவும் கொஞ்சம் இல்லதான். ஆனா 739 இல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டுல நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல அறுபது வயசைத் தாண்டினவங்க. இப்ப இன்னும் கூடியிருக்கும். நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல நடந்து பாத்தாலே தெரியும், இளவட்டம் எல்லாம் சென்னை, பெங்களூரு, வளைகுடா, அமெரிக்கா. நார்த் லான்டேல் மாதிரி ஒரு தெரு உருவாகக் கலவரம் நடக்க வேண்டியதில்ல. ஒவ்வொரு வீடா பூட்டிக்கிட்டே வந்தா போதும்.

இப்ப வெளிநாட்டுல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு. உங்க அம்மா வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், எதிர்லயும் இருக்கிற மூணு வீட்டு நம்பர் உங்க போன்ல இருக்கா? இல்லைன்னா இந்த வாரம் அம்மாகிட்ட கேட்டு வாங்குங்க. அவங்களுக்கு ஒரு தடவை போன் போட்டுப் பேசுங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது சாக்லேட்டை சொந்தக்காரங்களுக்கு மட்டும் பிரிச்சுக் கொடுக்காம அந்த மூணு வீட்டுக்கும் கொண்டு போங்க. ஒரு சாவியை அதுல ஒரு வீட்டுல கொடுத்து வைங்க. அம்மா மறுப்பாங்க, நகை, திருட்டுன்னு ஆயிரம் சொல்லுவாங்க. பேசித்தான் சம்மதிக்க வைக்கணும். ஏசியைக் கீழே அவங்க படுக்கிற ரூமுக்கு மாத்துங்க. கரண்ட் பில்லை நீங்களே ஆன்லைன்ல கட்டிடுங்க, எவ்வளவு வந்துச்சுன்னு அவங்களுக்குச் சொல்லாதீங்க.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு. உங்க தெருவுல தனியா இருக்கிறது யார் யாருன்னு உங்களுக்குத் தெரியும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. "என்ன செய்யிதீங்க"ன்னு கேளுங்க, போதும். பதில் குழறினா, வழக்கத்துக்கு மாறா பேசினா, தொட்டுப் பாருங்க. வயசானவங்களுக்கு உதவி கேக்க 14567-னு ஒரு இலவச எண் இருக்கு. அவசரத்துக்கு 108.

அந்த ஆச்சி வீட்டுல இப்ப ஒரு ஏற்பாடு. சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட. காலையில ஏழு மணிக்குள்ள வாசல்ல கோலம் விழலைன்னா அக்கா வந்து பாக்கணும்னு பேச்சு. போன மாசம் ஒரு நாள் கோலம் இல்லைன்னு அக்கா பதறி ஓடியிருக்காங்க. ஆச்சி உள்ள உக்காந்து சீரியலோட மறு ஒளிபரப்பைப் பாத்துட்டு, "கோலமாவு தீந்து போச்சுட்டீ"ன்னிருக்காங்க. அன்னிக்கு அக்கா என்கிட்ட வந்து ஆச்சியைப் பத்தி ஒரு மூச்சு புலம்பித் தீத்தாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க போடுற மாத்திரை பத்தி வெயில் கால சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. மாத்திரை பேரையும் வயசையும் மட்டும் போடுங்க, ஆள் பேரு வேண்டாம். இன்னிக்கு எனக்கு நைட் டூட்டி. காலையில வந்து ஒவ்வொண்ணா பதில் போடுறேன்.